கடலில் இல்லாத சுவர்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் நொடிக்கு ஏறத்தாழ 7 கோடி கனமீட்டர் நீரைச் சுமக்கிறது. உலகக் கடல்களின் வலுவான நீரோட்டங்களில் அதுவும் ஒன்று. அதைப் படமாக்குவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. செயற்கைக்கோள்களும் கணினி மாதிரிகளும் தருகின்ற எண்களை வாங்கி, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி உருவம் கொடுக்க வேண்டும். தூத்துக்குடியில் பிறந்து டர்பனில் குடியேறியவனுக்குக் கடலை விட்டால் வேறு என்ன வாய்க்கும்!

அறிவியல் காட்சிப்படுத்தலில் ஆய்வு செய்ய விரும்பும் தமிழ் மாணவர்கள் அவ்வப்போது எனக்கு எழுதுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் மென்பொருள் பற்றியதாகவே இருக்கிறது. பாராவியூ போதுமா, பைத்தான் கற்க வேண்டுமா, விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்கள் உதவுமா என்று கேட்கிறார்கள். எதையாவது கற்றுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் கை பழகிவிடும். பழகாதது வேறொன்று. திரையில் தெரியும் ஒவ்வொரு கோடும் நிறமும் நிழலும் பார்ப்பவரிடம் எதையோ அடித்துச் சொல்கிறது. அதைச் சொல்வது தரவா, அல்லது மென்பொருள் கேட்காமலே சேர்த்த சரக்கா என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆண்டுக்கணக்காகிறது. என் வேலை நாளில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் கணினியைத் தொடாத ஒரு பெரியவர். எங்கள் குழுவில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தியின் தாத்தா அவர். டர்பனில் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்த குடும்பம். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் தெற்கிலிருந்து மத்தி மீன் கூட்டம் கூட்டமாக இந்தக் கரையோரம் மேலேறி வரும். அகுல்ஹாஸ் சூடான நீரோட்டம். அதற்கும் கரைக்கும் இடையில் குளிர்ந்த நீர் ஒரு பட்டையாக வடக்கே நீளும் நாட்களில்தான் அந்த மீன் வருகிறது. தெற்கே இருக்கும் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக ஊர் முதல் டர்பன் வரையிலான கடற்பரப்பு வெப்பநிலையை மாணவி படமாக்கி, டர்பனின் மெரேபேங்கில் இருக்கும் தாத்தாவின் வீட்டுக்கு மடிக்கணினியில் எடுத்து வந்திருந்தாள். 16 டிகிரி நீலம், 26 டிகிரி சிவப்பு, நடுவில் வானவில்லின் மற்ற நிறங்கள். ஆய்வகத்தில் கைமாறிக் கைமாறி வந்த பழைய நிரல் போட்டுக்கொடுத்த படம் அது.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கடலின் நடுவில் பளிச்சென்று ஓடிய மஞ்சள் கோட்டில் விரலை வைத்து, "தம்பி, இங்கே தண்ணீர் முறிகிறதா? சுவர் மாதிரி இருக்கிறதே" என்று கேட்டார். மாணவி அந்த இடத்து எண்களை எடுத்துப் பார்த்தாள். சுவரும் இல்லை, முறிவும் இல்லை. 22 டிகிரியிலிருந்து 23 வரை வெப்பநிலை ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. "அப்படியென்றால் நாங்கள் தேடிப்போகிற இடம் எது?" என்றார். அதையும் எண்களில் தேடினோம். கரையோரக் குளிர்நீரும் அகுல்ஹாஸின் சூடான நீரும் உரசும் உண்மையான எல்லை, சிறிது தூரத்திலேயே 20 டிகிரியிலிருந்து 22-க்குத் தாவும் இடம், முழுவதும் பச்சைக்குள் புதைந்து கிடந்தது. படத்தில் அங்கே ஒன்றுமே தெரியவில்லை.

நம் கண் விளிம்பைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டுதான்; நிறத்தின் பங்கு அதற்குப் பிறகே. பழைய வானவில் நிறவரிசையில் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. கருநீலத்தில் தொடங்கி வெளிர்நீலத்தில் கூடுகிறது, மஞ்சளில் உச்சிக்குப் போகிறது, சிவப்பில் மறுபடி இறங்குகிறது. அதனால் தரவில் ஒன்றுமே நடக்காத இடத்தில் மஞ்சள் ஒரு விளிம்பை எழுப்பிவிடுகிறது. பச்சையோ தனக்குள் இருக்கும் வேறுபாடுகளை விழுங்கிவிடுகிறது. டேவிட் போர்லாண்டும் ரஸ்ஸல் டெய்லரும் 2007-இல் இந்தக் கேட்டை விரிவாக எழுதினார்கள். அப்போதும் மென்பொருள்கள் உடனே மாறவில்லை. கணக்கீட்டு மென்பொருளான மேட்லாப் 2014-இல்தான் வானவில்லை இயல்பு நிலையிலிருந்து நீக்கியது. பைத்தானில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் 2017-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் விரிடிஸ் என்ற நிறவரிசைக்கு மாறியது. கருநீல ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் அந்த விரிடிஸை வடிவமைத்த இருவரில் ஒருவர், ஸ்டெல்லன்போஷில் படித்து ஆய்வு செய்த தென்னாப்பிரிக்கர் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட். இந்த ஊர்க்காரர்களுக்கே இது பலருக்குத் தெரியாது என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

கடல் தரவுக்கென்றே சிஎம்ஓஷன் என்ற நிறவரிசைத் தொகுப்பு 2016-இல் வந்தது. வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் ஒவ்வொன்றுக்கும் அதில் தனி வரிசை இருக்கிறது. மாணவி அதில் வெப்பநிலைக்கான வரிசையைப் போட்டு அதே தரவை மறுபடி வரைந்தபோது மஞ்சள் சுவர் காணாமல் போனது. கரையோர எல்லை தானாக எழுந்து நின்றது. இப்போது எங்கள் ஆய்வகத்தில் எந்தப் படமும் வெளியே போகும் முன் அதைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்க்கிறோம். குறைந்த மதிப்பிலிருந்து அதிக மதிப்புவரை வெளிச்சம் ஒரே திசையில் ஏறினால் சரி. நடுவில் இறங்கி ஏறினால் நிறவரிசையைத் தூக்கிப்போட வேண்டியதுதான். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் இந்தச் சோதனை பெருமளவு உதவும். ஐரோப்பிய வழி வந்த ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற அளவில் அந்தக் குறை இருக்கிறது. மாநாட்டு அரங்கில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வானவில்லை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று கொடி பிடிப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெரிய படத்தில் சிறிய மாற்றங்களைத் தேடும்போது நிறங்கள் பல இருப்பது உதவுகிறது. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டர்போ, பழைய வானவில்லின் கூர்மையான மடிப்புகளைத் தேய்த்துச் சீராக்கிய ஒன்று. தரவைத் துழாவும் வேளையில் நானும் அதைத் திறப்பதுண்டு. ஆய்வுக் கட்டுரைக்குப் போகும் படத்தில் அதற்கு இடம் தருவதில்லை, அவ்வளவுதான். காற்றின் திசை போன்று 360 டிகிரி சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் அளவுகளுக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே நிறமாக இருக்கும் சுழல் வரிசை வேண்டும். அதைப் போடாவிட்டால் வடக்குத் திசையில் இன்னொரு பொய்ச் சுவர் எழும்.

அசைபடத்தில் நிறத்துக்கு வேறொரு நோய் வரும். அசைபடத்தின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், அதாவது சட்டகத்துக்கும், மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் மென்பொருள் தானே கணக்கிட்டுக்கொள்ளும்படி விட்டால் ஜனவரிச் சிவப்பும் ஜூலைச் சிவப்பும் வெவ்வேறு வெப்பநிலையாகிவிடும். குளிர்காலத்திலும் கடல் கொதிக்கிறது என்று பார்ப்பவர் நினைப்பார். முழுத் தொகுப்பையும் ஒருமுறை ஓட்டி எல்லைகளைக் கண்டு, அவற்றை நிரலில் கையால் எழுதிப் பூட்டிவிடுங்கள்.

வெப்பநிலையை வரைவதை விட ஓட்டத்தை வரைவது சிக்கல். அம்புக்குறி எல்லோருக்கும் புரியும், ஆனால் பத்தாயிரம் அம்புகள் வந்தால் படம் முள்ளம்பன்றியாகிவிடுகிறது. கப்ரால், லீடம் இருவரும் 1993-இல் தந்த கோட்டுத் தொகையீட்டு முறையில், தாறுமாறான புள்ளிகள் நிறைந்த படம் ஒன்றை நீர் ஓடும் திசையிலேயே தேய்த்து இழுப்பார்கள். சுழல்கள், பிரியும் இடங்கள் எல்லாம் அப்படியே கண்ணில் படும். அதில் குறையும் உண்டு. நீர் இப்பக்கம் ஓடுகிறதா, எதிர்ப்பக்கமா என்று அசையாத படத்தில் தெரியாது, வேகமும் தெரியாது. வேகத்தை நிறமாக ஏற்றி, சில அம்புகளை மட்டும் மேலே வைப்பது என் வழக்கம்.

இதையெல்லாம் விடப் பெரிய பள்ளம் ஓட்டக் கோட்டுக்கும் பயணப் பாதைக்கும் இடையில் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீரோட்டப் படம் காட்ட அழைத்திருந்தார்கள். ஒரே நாளின் தரவிலிருந்து போட்ட ஓட்டக் கோடுகள் கரையோரம் வழுவழுவென்று தெற்கே இறங்கின. பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "அண்ணா, நான் இங்கே ஒரு பாட்டிலைப் போட்டால் அது இந்தியாவுக்குப் போகுமா?" என்று கேட்டான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அதுதான் கோடு காட்டுகிறதே, கேப் டவுனுக்குப் போகும்" என்று அவனுக்குப் பதில் சொல்லிவிட்டாள்.

அந்தக் கோடு அப்படிச் சொல்லவில்லை, சொல்வதுபோல் தோற்றம் தருகிறது. ஓட்டக் கோடு என்பது ஒரு கணத்தில் எங்கும் உள்ள திசைகளைத் தொட்டுச் செல்லும் கோடு. பாட்டில் பயணம் செய்ய வாரங்கள் ஆகும். அதற்குள் கடல் மாறிவிடும். டர்பனுக்கு வடக்கே கண்டத்திட்டு அகலும் பகுதியில் அவ்வப்போது ஒரு பெருவளைவு உருவாகி நீரோட்டத்தின் வழியே தெற்கே நகர்கிறது. நேட்டல் துடிப்பு என்று கடலியலாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது வரும்போது நீரோட்டமே கரையை விட்டு நூறு கிலோமீட்டருக்கும் மேலாக விலகிப்போகலாம். ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டியதும் அகுல்ஹாஸ் கிழக்கே திரும்பி மறுபடி இந்தியப் பெருங்கடலுக்குள் வருகிறது. திரும்பும் இடத்தில் 200, 300 கிலோமீட்டர் அகலமுள்ள நீர் வளையங்கள் அறுந்து அட்லாண்டிக்குக்குப் போகின்றன. பாட்டிலின் பயணம் தெரிய வேண்டுமானால் நாள்தோறும் மாறும் தரவை வரிசையாகக் கொடுத்து, துகளை ஒவ்வொரு அடியாக நகர்த்த வேண்டும்.

அடுத்த வாரம் அப்படியே செய்து பிள்ளைகளிடம் எடுத்துப்போனோம். ஒரு துகளை விடவில்லை. டர்பன் துறைமுகத்துக்கு வெளியே சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் விட்டோம். தொடக்கத்தில் எல்லாம் ஒன்றாகவே போயின. தென்முனைக்கு அருகில் சிதறத் தொடங்கின. பெரும்பகுதி கிழக்கே வளைந்து திரும்பியது, சில வளையத்தில் ஏறி மேற்கே போயின, சில கரையோரச் சுழலில் சிக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் கிளம்பியவை வெவ்வேறு பெருங்கடலில் முடிந்ததைப் பார்த்து வகுப்பு முழுக்கக் கூச்சல். நிச்சயமின்மையை விளக்க எவ்வளவோ வரைபடம் போட்டிருக்கிறேன். துகள் சிதறுவதைக் காட்டுவது போல் வேறெதுவும் எடுபட்டதில்லை. நீங்கள் ஒற்றைப் பாதையை மட்டும் வரைந்தால் அது தீர்ப்பாகிவிடும். எப்போதும் கூட்டமாக வரையுங்கள். அந்தப் பையனின் இந்தியக் கேள்விக்கு நேர்ப்பதில், நேராகப் போகாது என்பதுதான். கிழக்கே திரும்பியவற்றுக்கு வாய்ப்பு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றேன், அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

தென் அரைக்கோளத்தில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீர் எந்தப் பக்கம், எவ்வளவு சுழல்கிறது என்று சொல்லும் சுழல்தன்மையை வரையும்போது நேர்க்குறி சிவப்பு, எதிர்க்குறி நீலம் என்று மென்பொருள் போடும். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வடக்கில் வரையப்பட்டவை. அங்கே நேர்க்குறி என்றால் குறைவழுத்தச் சுழல். இங்கே எல்லாம் தலைகீழ். கடிகாரச் சுற்றில் போவதுதான் நமக்குக் குறைவழுத்தச் சுழல், அதன் குறியோ எதிர். அகுல்ஹாஸ் வளையங்கள் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாகச் சுழல்பவை, ஆகவே சிவப்பில் வரும். வடக்கத்திய படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கதையே மாறிவிடும். விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அரைக்கோளத்தைப் பற்றிய பேச்சில் ஓர் உபரிச் செய்தி. மலைக்கும் கடலடித் தரைக்கும் நிழல் கொடுக்கும் மென்பொருள்கள் வெளிச்சத்தை வடமேற்கிலிருந்து, 315 டிகிரியிலிருந்து அனுப்புகின்றன. மேலே இடதுபக்கத்திலிருந்து ஒளி வந்தால்தான் நம் மூளை மேட்டை மேடாகப் பார்க்கிறது. ஐரோப்பாவில் சூரியன் அந்தத் திசையிலிருந்து மலைக்கு வெளிச்சம் தருவது அரிது. டர்பனிலோ மதியத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் வடமேற்கில்தான் நிற்கிறது. உலகம் முழுக்கப் பொய்யாகப் போடும் ஒளி எங்கள் ஊரில் மட்டும் மெய்!

ஆழத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடலில் ஆழம் நான்கு கிலோமீட்டர். அப்படியே வரைந்தால் தாள் போலத் தெரியும், எனவே செங்குத்தாக ஐம்பது, நூறு மடங்கு நீட்டியே ஆக வேண்டும். நீட்டியதும் மெதுவாகச் சரியும் கண்டச்சரிவு செங்குத்துப் பாறையாகிவிடும். எத்தனை மடங்கு என்று படத்துக்குள்ளேயே எழுதுங்கள். கீழே குறிப்பில் எழுதினால் படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பகிர்பவர் அதை விட்டுவிடுவார்.

முப்பரிமாண உருவங்களில் நான் அதிகம் நம்பாதது, ஒரே மதிப்புள்ள புள்ளிகளையெல்லாம் இணைத்து வரையும் சமமதிப்புப் பரப்பை. 1987-இல் லோரன்சனும் கிளைனும் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் மருத்துவப் படங்களுக்காக உருவாக்கிய மார்ச்சிங் கியூப்ஸ் முறை இன்றும் உழைக்கிறது. தரவுப் பெட்டியின் எட்டு மூலைகளில் எவை மதிப்புக்கு மேலே, எவை கீழே என்று பார்த்தால் 256 நிலைகள் வரும். சமச்சீரைக் கொண்டு அவற்றைப் பதினைந்தாகச் சுருக்கி முக்கோணங்களை அடுக்குகிறது. பளபளவென்று, கையால் தொடலாம் போல ஒரு பரப்பு கிடைக்கும். ஆபத்தே அந்தப் பளபளப்பில்தான். 15 டிகிரிக்குப் போட்ட பரப்பில் ஒரே வளையமாகத் தெரிவது 15.3-க்குப் போட்டால் இரண்டாகப் பிரியலாம். கடலுக்குள் அப்படி ஒரு தோல் கிடையாது. மதிப்பைச் சற்று மேலும் கீழும் நகர்த்தி உருவம் உடைகிறதா என்று பார்க்காமல் அந்தப் படத்தை வைத்து எதையும் வாதிடக் கூடாது. மாணவர்கள் யாராவது அப்படிப் படம் கொண்டுவந்தால் நகர்த்துகோலைத் தரச்சொல்லி நானே இழுத்துப் பார்ப்பேன். எங்கள் ஆய்வகத்தில் எனக்கு இதற்காகவே ஒரு பட்டப்பெயர் உண்டு.

கேப் டவுனில் வானியலாளர்களின் வேலையைப் பார்த்தபோது இதே சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. கரூ வறண்ட சமவெளியில் 64 அலைவாங்கிகளோடு 2018-இல் தொடங்கிவைக்கப்பட்ட மீர்கேட் தொலைநோக்கி, ஹைட்ரஜன் வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடிக்கிறது. அந்தத் தரவுக் கனசதுரத்தின் உள்ளே நடந்து பார்ப்பதற்காக, கேப் டவுன் காட்சிப்படுத்தல் ஆய்வகமும் இத்தாலியின் கட்டானியா வானியலாளர்களும் சேர்ந்து ஐடேவி என்ற மெய்நிகர் மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டால் ஒரு விண்மீன் திரள் எதிரே மிதக்கிறது. பார்ப்பவர் கையை நீட்டி, "இந்தப் பக்கம் இவ்வளவு தடிமனா?" என்பார். தடிமன் இல்லை. கனசதுரத்தின் இரண்டு அச்சுகள்தான் வானத்தில் உள்ள இடம். மூன்றாவது அச்சு அலைவெண், அதாவது வாயு நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம். இடம் போலத் தெரியும் ஒன்று இடமே இல்லை. அதை அறிந்தவர்களுக்கு அந்தக் கருவி பொக்கிஷம். இரைச்சலில் புதைந்த மங்கலான வாயுவைத் தட்டையான திரையில் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மெய்நிகர் காட்சி செய்பவர்கள் அச்சுகளின் பெயரைப் பார்ப்பவரின் தலை திரும்பும் பக்கமெல்லாம் தெரியும்படி வைத்தால் நல்லது.

தரவு இல்லாத இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடல்மட்ட உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள் தரவு நெடுங்காலம் கால் டிகிரிக் கட்டங்களில் வந்தது, ஒரு கட்டம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நிலம் குறுக்கிடுவதால் கரையோரத்தில் அந்த அளவீடு நம்பகமானதில்லை. எங்கள் நீரோட்டமோ கரையை ஒட்டியே ஓடுகிறது! மென்பொருள் இடைவெளியை வழுவழுப்பாக நிரப்பித் தரும், பார்க்க அழகாகவும் இருக்கும். நான் அந்தப் பட்டையைச் சாம்பல் நிறக் கோடுகளிட்டு விட்டுவிடுகிறேன். நிலத்தைக் குறிக்கும் −32767 போன்ற எண்ணை மென்பொருள் புரிந்துகொண்டதா என்றும் பாருங்கள். புரியாமல் சராசரியில் கலந்துவிட்டால் கரை நெடுகிலும் விசித்திரமான ஓர் ஓரம் முளைக்கும்.

கடைசியாக, இந்த நாட்டுக்கே உரிய பாடம். அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்திய ஆண்டுகளில், குறிப்பாக 2023-இல், இரவு முழுக்க ஓடும் அசைபட வேலை விடிவதற்குள் அறுந்துவிடும். நேரடியாகக் காணொளிக் கோப்பாக எழுதினால் பாதியில் நின்றது மொத்தமும் பாழ். அதனால் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனிப் பிஎன்ஜி படக் கோப்பாக, 00001 என்று பூச்சியங்கள் சேர்த்த எண்ணோடு எழுதுகிறோம். ஏற்கெனவே இருக்கும் கோப்பை நிரல் தாண்டிச் செல்லும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாம் முடிந்தபின் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலைக் கொண்டு காணொளியாகக் கோத்துக்கொள்ளலாம். நடுவில் சில நாட்களின் தரவைத் திருத்தச் சொல்லி ஆய்வாளர் கேட்டால், அது பாதிக்கும் சட்டகங்களை மட்டும் அழித்து மறுபடி ஓட்டலாம். மின்வெட்டே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். காணொளியைச் சுருக்கும்போது மெல்லிய துகள்களும் கோடுகளும் கரைந்துபோகும் என்பதால் மூலச் சட்டகங்கள் கையில் இருப்பது எப்படியும் தேவை.

பிஎன்ஜி கோப்புக்குள் எழுத்துக் குறிப்புகளைச் சேர்த்து வைக்க இடம் உண்டு. தரவின் பதிப்பு, நிரலின் பெயர், நிற எல்லைகள், செங்குத்து நீட்சி எல்லாவற்றையும் நிரலே அங்கே எழுதிவிடும்படி செய்துகொள்ளுங்கள். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் எட்டு மாதம் கழித்து நான்காவது படத்தைப் பற்றிக் கேட்பார். அப்போது மாணவர் படிப்பை முடித்துவிட்டு ஜோகன்னஸ்பர்க்கில் ஏதோ ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்.